பி.எச்.சி. தின்னப் பழகிய பாக்டீரியா

1970, 80-களில் விவசாயம் பார்த்த வீடாக இருந்தால், தாழ்வாரத்து மூலையில் ஒரு பி.எச்.சி. பவுடர் மூட்டை சாய்ந்து கிடந்திருக்கும். நெல்லுக்கு அது, கரும்புக்கு அது, வீட்டுக்குள் வந்த எறும்புக்கும் கரையானுக்கும் அதே பவுடர்தான். சிலர் அதைக் கமாக்சின் என்பார்கள். துணிப்பையில் கட்டி, காலையில் பனி ஈரம் காயும் முன் பயிரின் மேல் தட்டிக்கொண்டே போவார்கள். கையுறை, முகமூடி எல்லாம் கிடையாது. பழைய சாக்கில் ஈரம் ஏறியது போல ஒரு புழுக்க வாடை. அந்த வாடை தெரிந்தவர்களுக்கு அது இன்றைக்கும் மறக்காது.

இந்தியா மட்டும் சுமார் பத்து லட்சம் டன் பி.எச்.சி.யைக் கொட்டியது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1948-லிருந்து 1997 வரை உலகம் முழுவதற்கும் சேர்த்து ஒரு கோடி டன். அவ்வளவும் எங்கே போயிற்று? கொஞ்சம் காற்றோடு போய்த் துருவப் பனியில் படிந்தது. கொஞ்சம் ஆற்றோடு போயிற்று. கொஞ்சம் மாட்டின் பாலுக்கும் மனிதரின் கொழுப்புக்கும் போயிற்று. ஒரு பகுதியை மண்ணுக்குள் இருந்த பாக்டீரியாக்கள் தின்றன. இந்தக் கடைசிப் பகுதியின் கதை மற்றவற்றைப் போல அதிகம் பேசப்படவில்லை. ஆனால் அதில் ஒரு விசித்திரம் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பொருளைப் பற்றி. லண்டனில் மைக்கேல் ஃபாரடே 1825-ல், விளக்கெரிக்கும் வாயுவை அழுத்தும்போது குழாயடியில் தேங்கிய எண்ணெயிலிருந்து ஒரு புதிய திரவத்தைப் பிரித்தெடுத்தார். அதுதான் பென்சீன். கையோடு கையாக அந்தத் திரவத்தில் குளோரின் வாயுவைச் செலுத்தி வெயிலில் வைத்தும் பார்த்தார். வெள்ளைப் படிகம் வந்தது. ஆறு கார்பன் வளையத்தில் ஒவ்வொரு கார்பனுக்கும் ஒரு குளோரின் வீதம் ஆறு குளோரின் ஒட்டிய பொருள் அது. வேதியியல் பெயர் ஹெக்சாகுளோரோசைக்ளோஹெக்சேன். 'பென்சீன் ஹெக்சாகுளோரைடு' என்ற பழைய பெயரின் சுருக்கம்தான் பி.எச்.சி. (குளோரின் ஏறிய பிறகு அது பென்சீனே அல்ல என்பதால் இந்தப் பெயர் தப்பு. ஆனாலும் நிலைத்துவிட்டது.) பூச்சியைக் கொல்லும் என்று ஃபாரடேக்குத் தெரியாது. அதன்பின் நூறு ஆண்டுக்கு மேல் வேறு யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவும் இல்லை.

1912-ல் டூனிஸ் வான் டெர் லிண்டன் என்ற டச்சு வேதியியலாளர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். அந்தப் படிகம் ஒரே பொருள் அல்ல. கார்பனும் குளோரினும் எண்ணிக்கையில் ஒன்றுதான், ஆனால் குளோரின்கள் வளையத்தில் உட்கார்ந்திருக்கும் விதம் வேறு வேறு. ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா என்று அவற்றுக்குப் பெயர் வந்தது. ஒரே அச்சில் வார்த்த அண்ணன் தம்பிகள் போல. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், கதை முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

இரண்டாம் உலகப் போர் வந்தது. மலாயாப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த டெர்ரிஸ் வேர் என்ற பூச்சிமருந்து, ஜப்பானியர் அந்தப் பகுதியைப் பிடித்ததும் நின்றுபோயிற்று. மாற்றுத் தேடிய இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தார், 1942 வாக்கில் பழைய பி.எச்.சி.யை எடுத்துச் சோதித்தார்கள். பூச்சிகள் செத்தன. ஆனால் ஒரு தடவை நன்றாகவும் மறு தடவை சுமாராகவும் செத்தன. காரணத்தைத் துருவியபோது, கலவையில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கே இருக்கும் காமாதான் கொல்கிறது, மீதியெல்லாம் வெறும் சுமை என்று தெரிந்தது. காமாவின் பெயரை வைத்தே 'கமெக்சேன்' என்று வணிகப் பெயர் சூட்டினார்கள். நம்மூர் வாயில் அது கமாக்சின் ஆயிற்று. காமாவை மட்டும் 99 சதவீதம் சுத்தமாகப் பிரித்தால் அது லின்டேன், வான் டெர் லிண்டனின் பெயரால். சொறி சிரங்குக்குத் தடவும் களிம்பிலும் பேன் மருந்திலும்கூட லின்டேன் இருந்தது.

இங்கேதான் பெரிய தப்பு நடந்தது. ஏழை நாடுகள் பிரிக்காத கலவையை அப்படியே வயலில் தூவின. காமா 10 முதல் 15 சதவீதம், ஆல்ஃபா 60 முதல் 70 சதவீதம், மற்றவை பாக்கி. அதாவது பூச்சியைக் கொல்ல ஒரு மூட்டை வேண்டுமென்றால் ஏழெட்டு மூட்டை மண்ணில் விழுந்தது. பணக்கார நாடுகள் லின்டேனைப் பிரித்துப் பயன்படுத்தின. ஆனால் ஒரு டன் லின்டேன் எடுத்தால் எட்டு முதல் பன்னிரண்டு டன் கழிவு மிஞ்சும். அதை ஆலைக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தார்கள். இப்படி உலகில் கிடக்கும் கழிவு 40 முதல் 70 லட்சம் டன் வரை இருக்கும் என்பது பின்னாளில் போட்ட மதிப்பீடு. தூவினாலும் புதைத்தாலும் மண்ணுக்குப் போய்ச் சேர்ந்ததில் பெரும்பங்கு யாரும் விரும்பிக் கேட்காத ஆல்ஃபாவும் பீட்டாவும்தான்.

அந்தக் காலத்தில் விஞ்ஞானிகளிடையே ஒரு நம்பிக்கை இருந்தது. எந்த கார்பன் பொருளாக இருந்தாலும் அதைத் தின்ன ஏதாவது ஒரு நுண்ணுயிர் எங்காவது இருக்கும் என்பது அது. மரம் மட்டை, தோல், எண்ணெய் எல்லாமே மண்ணில் மக்கிப் போவதைப் பார்த்து வந்த நம்பிக்கை. 1962-ல் ரேச்சல் கார்சனின் 'மௌன வசந்தம்' வந்து, டி.டி.டி.யும் அதன் கூட்டாளிகளும் ஆண்டுக்கணக்கில் மக்காமல் கிடப்பதை ஊரறியச் செய்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் அலெக்சாண்டர் 1965-ல் எழுதிய கட்டுரையில் அந்தப் பழைய நம்பிக்கையை நேராகவே கேள்வி கேட்டார். நுண்ணுயிர்களும் தோற்கக் கூடும், அவற்றுக்கு மசியாத மூலக்கூறுகள் உண்டு என்றார். குளோரின் அதிகம் ஒட்டிய பொருள்கள் அந்தப் பட்டியலில் முன்வரிசையில் நின்றன.

இந்த வாதம் நடந்துகொண்டிருந்த அதே சமயத்தில், பிலிப்பைன்ஸ் லோஸ் பான்யோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேறொரு வேலை நடந்தது. அங்கே இருந்த இந்தியப் பூச்சியியலாளர் எம். டி. பதக், லின்டேனைப் பயிரின் மேல் தெளிக்காமல் வயல் தண்ணீரிலேயே போட்டால் குருத்துப்பூச்சி அடங்குகிறது என்று காட்டியிருந்தார். அப்படியானால் அந்த மருந்து சேற்றில் எத்தனை நாள் தங்கும்? ராகு, மக்ரே என்ற இருவர் சோதித்தார்கள். நீர் நின்ற வயல் மண்ணில் லின்டேனைக் கலந்து வைத்தார்கள். அது சில வாரங்களில் குறைந்து போயிற்று. கிருமி நீக்கிய மண்ணில் அவ்வளவு குறையவில்லை. ஆகவே உயிருள்ள எதுவோ ஒன்றின் வேலை. அதே மண்ணில் இரண்டாம் முறை மருந்து போட்டபோது அது முதல் முறையைவிட வேகமாகக் காணாமல் போயிற்று! முதல் தடவை மருந்தில் பழகிக்கொண்ட கூட்டம் இரண்டாம் தடவைக்குத் தயாராக இருந்திருக்கிறது. 1966-ல் இது 'சயின்ஸ்' இதழில் வந்தது. மூன்று ஆண்டு கழித்து, காற்றில்லாத சேற்றில் வாழும் கிளாஸ்டிரிடியம் என்ற பாக்டீரியா ஒன்று லின்டேனைச் சிதைப்பதையும் அந்தக் குழுவினர் காட்டினார்கள்.

நெல் வயலுக்கு இது நல்ல செய்தி. தண்ணீர் கட்டிய வயலில் சில நாளிலேயே மண்ணுக்குள் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் சில பாக்டீரியாக்கள் குளோரினைப் பிடுங்கி எறிவதில் கெட்டிக்காரர்கள். வைக்கோலை மண்ணில் கலந்தால் வேகம் இன்னும் கூடுகிறது என்றும் அடுத்தடுத்த சோதனைகளில் தெரிந்தது. வரப்புக்குள் நின்ற தண்ணீர், யாரும் திட்டமிடாமலே ஒரு சுத்திகரிப்புத் தொட்டியாக வேலை செய்திருக்கிறது.

ஆனால் வைக்கோலுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஜப்பானில் பி.எச்.சி. தூவிய வயலின் வைக்கோலைப் பசுக்கள் தின்றன. 1969, 70-ல் அங்கே பசும்பாலில் பி.எச்.சி. இருப்பது தெரிந்து நாடே கலங்கிப் போயிற்று. தாய்ப்பாலிலும் இருந்தது. அதில் தூக்கலாக இருந்தது காமா அல்ல, பீட்டா. உடலுக்குள் போன காமா விரைவில் வெளியேறிவிடும். பீட்டா கொழுப்பில் ஒட்டிக்கொண்டு, பாதியாகக் குறையவே ஏழு ஆண்டு அளவில் ஆகும். ஜப்பான் 1971-ல் பி.எச்.சி.யைத் தடை செய்தது. அதன்பின் தாய்ப்பாலில் அளவு படிப்படியாக இறங்கியது, ஆனால் மெதுவாகத்தான்.

சேற்றில் நடப்பது சரி. கரும்பு, மக்காச்சோளம் போல நீர் நிற்காத மண்ணில்? அங்கே காற்று உண்டு, ஆகவே காற்றோடு வாழும் பாக்டீரியாதான் வேலை செய்ய வேண்டும். அப்படி ஒன்று கிடைக்க இன்னும் இருபது ஆண்டு ஆயிற்று. ஜப்பானில் ஒரு சோதனை வயலில் பன்னிரண்டு ஆண்டுகள், ஆண்டுக்கு ஒரு தடவை என்று விடாமல் காமாவைப் போட்டு வந்தார்கள். அந்த மண்ணிலிருந்து செனூ, வாடா என்ற இருவர் 1989-ல் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தார்கள். வேறு எந்தக் கார்பனும் கொடுக்காமல் காமாவை மட்டும் கொடுத்தாலும் அது வளர்ந்தது. அதாவது விஷத்தைச் சகித்துக்கொள்ளவில்லை, சாப்பாடாகவே தின்றது! இதன் வழிவந்த வகைக்கு யு.டி.26 என்று பெயர்.

அடுத்த ஆண்டே, 1990-ல், ஒடிசாவின் கட்டாக்கில் உள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து இன்னொரு செய்தி. அங்கே என். சேதுநாதன் என்ற விஞ்ஞானி பல ஆண்டுகளாக வயல் மண்ணில் பூச்சிமருந்துகள் என்ன ஆகின்றன என்றே பார்த்து வந்தவர். முன்பு லோஸ் பான்யோஸில், பாரத்தியான், டயசினான் போன்ற மருந்துகளைச் சிதைக்கும் பாக்டீரியாவைப் பற்றி எழுதியவர். இப்போது சாகு முதலியோருடன் சேர்ந்து, கரும்பின் வேரடி மண்ணிலிருந்து பி.எச்.சி. தின்னும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தார். காமா மட்டுமல்ல, ஆல்ஃபா, பீட்டாவிலும் அது கைவைத்தது. பின்னால் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ரூப் லால் குழு இதை எடுத்து ஆராய்ந்தது. பி90ஏ என்ற பெயர் பிரபலமானது. பிரான்சிலும் மாசுபட்ட மண்ணிலிருந்து மூன்றாவதாக ஒன்று வந்தது.

மூன்று நாடு, மூன்று மண், மூன்று குழு. முதலில் இவற்றை வேறு பெயரில் எழுதினார்கள். 2005-ல் ஒப்பிட்டுப் பார்த்து மூன்றையும் ஸ்ஃபிங்கோபியம் என்ற ஒரே பேரினத்தில் சேர்த்து, ஜப்பானிகம், இண்டிகம், ஃபிரான்சென்ஸ் என்று நாட்டின் பெயரையே இனப் பெயராக வைத்தார்கள். நெருங்கிய சொந்தங்கள், ஆனால் தனித்தனி இனங்கள். வியப்பு என்னவென்றால், காமாவை உடைக்கும் மரபணுக்கள் மட்டும் மூன்றிலும் ஏறக்குறைய அச்சு அசலாக ஒன்றாக இருந்தன. பாக்டீரியாக்களைவிட மரபணுக்கள் நெருக்கமான உறவு! அவற்றுக்கு, லின்டேனின் பெயரால், லின் மரபணுக்கள் என்று பெயர்.

அவை செய்யும் வேலையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் அழகான வேலை. காமாவில் ஆறு குளோரின். லின்-ஏ என்ற நொதி, ஒவ்வொரு குளோரினோடும் பக்கத்தில் உள்ள ஒரு ஹைட்ரஜனைச் சேர்த்துப் பிடுங்குகிறது. இரண்டு தடவை. மீதி நான்கு. லின்-பி என்ற நொதி தண்ணீரைக் கொண்டு, குளோரின் இருந்த இடத்தில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த கூட்டை வைக்கிறது. அதுவும் இரண்டு தடவை. மீதி இரண்டு. லின்-சி வளையத்தைத் திருத்திக் கொடுக்க, லின்-டி கடைசி இரண்டையும் எடுக்கிறது. குளோரின் இல்லாத வெறும் வளையம் நின்றதும் லின்-இ அதை அறுத்து நேராக்குகிறது. (மாவு மில்லில் கை மாற்றிவிடுவது போல!) அதற்குப் பிறகு அது எந்தப் பாக்டீரியாவும் எரித்துச் சக்தியாக்கிக்கொள்ளும் சாதாரணச் சரக்கு.

இந்த அணி எங்கிருந்து வந்தது? ஃபாரடேயின் குப்பிக்கு முன் இந்தப் பொருளைப் பாக்டீரியாக்கள் கண்டதில்லை. வயலில் பெருமளவில் விழத் தொடங்கியதே 1940-களின் கடைசியில்தான். நாற்பது ஆண்டுக்குள் ஐந்தாறு நொதிகள் சேர்ந்த ஒரு வரிசை எப்படி அமைந்தது? குளோரின் ஏறிய பொருள்களை இயற்கையும் செய்கிறது, பூஞ்சைகளும் கடல் உயிரினங்களும் ஆயிரக்கணக்கில் செய்கின்றன. ஆகவே குளோரினை எடுக்கும் சில கருவிகள் முன்பே பாக்டீரியா உலகில் இருந்தன. லின்-பி அப்படிப்பட்ட ஒரு பழைய குடும்பத்தைச் சேர்ந்தது. லின்-ஏ கதை வேறு. 1991-ல் ஜப்பானில் அதன் மரபணுவைப் பிரித்துப் படித்தபோது, அதற்கு ஒத்த புரதம் எதுவுமே அப்போதைய தரவு வங்கிகளில் இல்லை.

2010-ல் யு.டி.26-இன் மரபணுத் தொகுதி முழுவதும் வெளியானது. அதில் இன்னும் தெளிவான தடயம் கிடைத்தது. வழக்கமாகப் பாக்டீரியாவில் ஒரே வேலைக்கான மரபணுக்கள் ஒரே இடத்தில் வரிசையாக இருக்கும். இதில் லின் மரபணுக்கள் சிதறிக் கிடந்தன. ஏ, பி, சி மூன்றும் முதல் குரோமோசோமில், அதுவும் தள்ளித் தள்ளி. டி, இ இரண்டும் ஒரு பிளாஸ்மிடில். எஃப் என்று இன்னொன்று இரண்டாம் குரோமோசோமில். ஏ முதல் இ வரை முக்கியமானவற்றின் பக்கத்தில் ஐ.எஸ். 6100 என்ற தாவும் மரபணுத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. மருத்துவமனைக் கிருமிகளில் ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் மரபணுக்கள் ஊர்விட்டு ஊர் போகும்போது கூடவே காணப்படுவதும் இதே துண்டுதான். அதாவது ஒரு கருவி இங்கிருந்தும் இன்னொன்று அங்கிருந்துமாக, இரவல் வாங்கிய சாமான்களைக் கொண்டு கூட்டிய பட்டறை அது. இன்னும் ஒழுங்காக அடுக்கி வைக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லும்படிதான் இருக்கிறது.

ஒட்டவைத்த அதே துண்டு கழற்றியும் விடும். பி.எச்.சி. இல்லாமல் ஆய்வகத்தில் சில தலைமுறை வளர்த்தால், இந்தப் பாக்டீரியாக்களில் பல, லின் மரபணுக்களை இழந்துவிடுகின்றன. விஷம் இருக்கும் இடத்தில்தான் அந்தப் படிப்பு தங்குகிறது.

இப்போது முதலில் சொன்ன விசித்திரத்துக்கு வரலாம். இவ்வளவு கெட்டிக்கார பாக்டீரியா எதை நன்றாகத் தின்கிறது? காமாவை. எது மனித உடலில் தங்குகிறதோ, எது குவியல் குவியலாகப் புதைந்து கிடக்கிறதோ, அந்தப் பீட்டாவில் திணறுகிறது. காரணம் குளோரின் உட்காரும் விதம். ஆறு கார்பன் வளையம் தட்டையானது அல்ல, நாற்காலி போல மடிந்தது. ஒவ்வொரு கார்பனிலும் செங்குத்தாக நிற்கும் ஓர் இடமும் பக்கவாட்டில் சாயும் ஓர் இடமும் உண்டு. லின்-ஏ பிடுங்குவதற்கு, செங்குத்தாக நிற்கும் குளோரினும் அடுத்த கார்பனில் எதிர்த்திசையில் நிற்கும் ஹைட்ரஜனும் வேண்டும். காமாவில் மூன்று குளோரின் செங்குத்தாக நிற்கின்றன. ஆல்ஃபாவில் இரண்டு. டெல்டாவில் ஒன்று. பீட்டாவில் ஒன்றுகூட இல்லை; ஆறும் பக்கவாட்டில் படுத்துவிட்டன. லின்-ஏ பிடிக்கக் குடுமியே இல்லாத தலை!

பீட்டாவைத் தொட முடிவது லின்-பி மட்டும்தான். அதிலும் யு.டி.26-இன் லின்-பி ஒரே ஒரு குளோரினை மாற்றிவிட்டு நின்றுவிடும். ஆனால் ஜப்பானிலேயே கிடைத்த எம்.ஐ.1205 என்ற மற்றொரு வகையில் உள்ள லின்-பி இன்னொரு படி போகிறது, இரண்டாவது குளோரினையும் மாற்றுகிறது. இரண்டுக்கும் வேறுபாடு 296 அமினோ அமிலங்களில் வெறும் ஏழு. 2007-ல் இது தெரிந்தது. இந்தியாவின் பி90ஏ-வும் பீட்டாவில் இரண்டு படி போகும் சாதியே. அதில் லின்-ஏ-கூட இரண்டு உண்டு. ஆல்ஃபாவுக்கு இடக்கை வலக்கை போல இரண்டு வடிவம் இருப்பதால், ஒன்று ஒரு கையையும் மற்றது மறு கையையும் பிடிக்கிறது. சுத்தமான லின்டேன் போட்ட ஜப்பானிய வயலின் பாக்டீரியா காமாவில் தேர்ந்தது. கலவையை அள்ளிக் கொட்டிய இந்திய மண்ணின் பாக்டீரியாவுக்குக் கலவை முழுவதிலும் கொஞ்சம் பழக்கம் வந்தது என்று ஊகிக்க இடம் இருக்கிறது. வயலில் போட்டதுக்கேற்ற வாய்.

இந்தியா 1997-ல் பி.எச்.சி. கலவையைத் தடை செய்தது. லின்டேன் தொடர்ந்தது. 2009-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் ஆல்ஃபா, பீட்டா, லின்டேன் மூன்றும் சேர்ந்த பிறகு, இங்கே 2011-ல் உற்பத்தியும் 2013-ல் பயன்பாடும் நிறுத்தப்பட்டன. அதற்குள் உத்தரப் பிரதேசத்தில் லக்னோவுக்கு அருகே உம்மாரி என்ற கிராமத்துப் பக்கம் லின்டேன் கழிவு மலையாகக் குவிந்துவிட்டது. ரூப் லால் குழுவினர் அங்கே மண் எடுத்து ஆராய்ந்து 2012-ல் வெளியிட்ட கணக்கு இது: குவியல் இருந்த இடத்தில் ஒரு கிராம் மண்ணில் 450 மில்லிகிராம் பி.எச்.சி. கிட்டத்தட்டப் பாதி மண், பாதி மருந்து. ஒரு கிலோமீட்டர் தள்ளி 0.7 மில்லிகிராம்.

அந்த இடத்திலும் ஸ்ஃபிங்கோபியம் வாழ்கிறது. புதிய இனங்களே பல அங்கிருந்து வந்தன. ஸ்ஃபிங்கோபியம் உம்மாரியென்ஸ் என்று ஒன்றுக்குக் கிராமத்தின் பெயர். சின்ஹட் என்ற பகுதியின் பெயரில் இன்னொன்று. லக்னோவின் பெயரில் மற்றொன்று. ஒரு கிராமத்தின் பெயர் அறிவியலில் இடம்பெற இப்படியும் ஒரு வழி இருக்கிறது. ஊர்க்காரர்கள் இதற்குப் பெருமைப்படுவார்களா என்பது சந்தேகம்தான்.

அப்படியென்றால் பாக்டீரியாவை வளர்த்து அள்ளிப் போட்டால் வேலை முடிந்துவிடாதா? போட்டுப் பார்த்தார்கள். பி90ஏ-வை மக்காச்சோளச் சக்கைப் பொடியில் ஏற்றி, மாசுபட்ட மண்ணில் கலந்தார்கள். 2008-ல் வந்த முடிவுகளின்படி பி.எச்.சி. கணிசமாகக் குறைந்தது. ஆனால் போட்ட பாக்டீரியா சில நாளில் குறைந்துவிடுவதால் மறுபடி மறுபடி போட வேண்டியிருந்தது. லேசாக மாசுபட்ட வயலுக்கு இது சரிப்படும். பாதிக்குப் பாதி மருந்தாக இருக்கும் குவியலுக்குச் சரிப்படாது. பாக்டீரியா தண்ணீரில் கரைந்ததைத்தான் தின்னும். ஒரு லிட்டர் தண்ணீரில் காமாவே ஏழெட்டு மில்லிகிராம்தான் கரையும், பீட்டா அதைவிட மிகக் குறைவு. ஸ்பெயினில் சபிஞானிகோ என்ற ஊரிலும் இதே நிலைதான். லட்சம் டன்னுக்கு மேல் கழிவு புதைந்து கிடக்கிறது. 2014-ல் அது கயேகோ ஆற்றில் கலந்து கீழே உள்ள ஊர்களின் குடிநீரைக் கெடுத்தது. பாக்டீரியா வந்து பார்த்துக்கொள்ளும் என்று அங்கே யாரும் காத்திருக்க முடியவில்லை. தோண்டி எடுத்து, ஒழுக்கு விடாத புதிய கிடங்குக்கு மாற்ற வேண்டியதாயிற்று. உம்மாரி போன்ற குவியலுக்கும் முதலில் அதைத்தான் செய்ய வேண்டும். பாக்டீரியாவின் முறை அதற்குப் பிறகுதான், சுற்றுப்புறத்து வயல்களில்.

பீட்டாவுக்கு இன்னொரு ஆளும் கிடைத்திருக்கிறது. நெதர்லாந்தில் மாசுபட்ட மண்ணிலிருந்து 2005-ல் அறிவிக்கப்பட்ட டிஹாலோபாக்டர் என்ற பாக்டீரியா. லோஸ் பான்யோஸின் கிளாஸ்டிரிடியம் போல இதுவும் காற்றில்லாத இடத்தில்தான் வாழும். தனியாக வளராது, செடிமெண்டிபாக்டர் என்ற கூட்டாளி பக்கத்தில் வேண்டும். ஸ்ஃபிங்கோபியம் போலத் தின்று வளர்வதில்லை. நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பது போல இது பீட்டாவைச் 'சுவாசிக்கிறது', குளோரின்களைக் கழற்றுகிறது. ஆறும் பக்கவாட்டில் படுத்திருப்பது இதற்குத் தடையாக இல்லை. கடைசியில் மிஞ்சுவது குளோரோபென்சீனும் பென்சீனும், அதாவது ஃபாரடே வெயிலில் வைத்த அதே திரவம். அதுவும் புற்றுநோய் தரும் நஞ்சு என்பதால் அப்படியே விட முடியாது. காற்றைச் செலுத்தி, பென்சீனைத் தின்னும் வேறு பாக்டீரியாக்களிடம் ஒப்படைக்க வேண்டும். முதலில் காற்றில்லாமல், பிறகு காற்றோடு என்று இரண்டு கட்டமாக நெதர்லாந்தில் பி.எச்.சி. கலந்த நிலத்தடி நீரில் இதைச் செய்தும் பார்த்திருக்கிறார்கள்.